ஹேடர் போன ஆகஸ்ட்: குளோசரை விற்றதில் மில்வாக்கி எங்கே சறுக்கியது

2022 ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்கு அன்று ஆட்டம் இல்லை. 102 ஆட்டங்களில் 57 வெற்றி, 45 தோல்வி. நேஷனல் லீக் மத்தியப் பிரிவில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸைவிட 3 ஆட்டம் முன்னிலை. அப்படி முதலிடத்தில் உட்கார்ந்திருந்த அணி, கையில் 29 சேவ் வைத்திருந்த தன் குளோசரை, அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளரான ஜாஷ் ஹேடரை, சான் டியேகோ பாட்ரேஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நான்கு பேரை வாங்கிக்கொண்டது.

மீதி 60 ஆட்டங்களில் மில்வாக்கி வென்றது 29, தோற்றது 31. பிரிவுப் பட்டத்தை 93 வெற்றியோடு கார்டினல்ஸ் எடுத்துக்கொண்டது. கடைசி வைல்டு கார்டு இடம் (பிரிவை வெல்லாத அணிகளுக்கான பிளேஆஃப் வாய்ப்பு) 87 வெற்றி பெற்ற ஃபில்லீஸுக்குப் போனது. மில்வாக்கிக்கு 86. ஒரே ஒரு ஆட்டம். அந்த ஃபில்லீஸ் இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸ் வரை போனது வெந்த புண்ணில் பாய்ந்த வேல். 2018 முதல் 2025 வரையிலான எட்டு சீசனில் மில்வாக்கி பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழையாத ஆண்டு அது ஒன்றுதான்.

ரசிகர்கள் அன்று எழுதிய தீர்ப்பு எளிமையானது: விற்றார்கள், அதனால் தோற்றார்கள். பின்னாளில் நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தவர்கள் எழுதியதும் அதே அளவு எளிமை: விற்றதால்தான் அடுத்த மூன்று ஆண்டும் ஜெயித்தார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. விற்றது தவறு என்று சொல்ல எண்கள் இடம் தரவில்லை. ஆனால் விற்ற விதத்தில் ஒரு குறிப்பிட்ட தவறு நடந்தது, அதை எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

என்ன வேலை அது

தன் அணி 3 ரன் வரை மட்டும் முன்னிலையில் இருக்கும்போது வந்து, குறைந்தது ஒரு முழு இன்னிங்ஸ் (மூன்று அவுட்; ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வீசி, முன்னிலையைக் கைவிடாமல் ஆட்டத்தை முடித்தால் பிட்சருக்கு, அதாவது பந்துவீச்சாளருக்கு, ஒரு சேவ். (வேறு இரண்டு வழிகளும் விதியில் உண்டு, நடைமுறையில் பெரும்பாலும் இதுதான்.) அதை முழுநேர வேலையாகச் செய்பவர் குளோசர். டி20 பார்க்கிறவர்களுக்கு 19, 20-ஆவது ஓவர் வீசுகிறவரின் நிலைமை என்றால் உடனே பிடிபடும். ஒரு வேறுபாடு உண்டு. பேஸ்பாலில் வெளியே எடுத்த பிட்சர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஆகவே யார், எந்த இன்னிங்ஸில், எந்த மட்டையாளர் வரிசைக்கு என்பதுதான் புல்பென் (ஆட்டத்தின் நடுவே இறக்கப்படும் பிட்சர்கள்) நிர்வாகத்தின் முழுக் கலையும்.

ஹேடர் இடக்கையர். அடிப்படையில் அவரிடம் இருந்தவை இரண்டே பந்துகள்: வேகப்பந்தும், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும். வேகம் மணிக்கு 95, 96 மைல்; இன்றைய மேஜர் லீகில் அதைவிட வேகமானவர்கள் ஏராளம். அவர் பந்தின் விஷம் வேறு இடத்தில் இருந்தது. உயரமான ஆள், ஆனால் கையைத் தாழ்வாகக் கொண்டுவந்து, நன்றாக முன்னே நீட்டி விடுவார். தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு மார்பு உயரத்தில் வந்து சேரும் பந்து, மட்டையாளர் கண்ணுக்கு மேலேறுவது போலத் தெரியும். மட்டை பந்துக்கு அடியில் காற்றை வெட்டும். பந்து கண்காணிப்புக் கருவிகள் இந்தப் பந்தைக் கீழே அமிழும் சிங்கர் வகையில் சேர்த்து வைத்திருப்பது ஒரு வேடிக்கை. மேலேறுவதாகப் பெயர் வாங்கிய பந்துக்கு அமிழும் பெயர்.

இதிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. அதே பந்து ஒரு சாண் இறங்கி இடுப்பு உயரத்தில் வந்தால் நேராக மட்டைக்கு நடுவில். ஸ்லைடரும் அன்றைக்கு ஸ்டிரைக் எல்லைக்குள் விழாவிட்டால் மட்டையாளர் ஒரே பந்துக்காகக் காத்திருப்பார். மூன்றாவது ஆயுதம் கிடையாது. எனவே ஹேடர் கெடும்போது கொஞ்சமாகக் கெடுவதில்லை, ஹோம்ரன்னாகவே (சிக்ஸர் போல வேலிக்கு வெளியே பறக்கும் அடி) கெடுவார்.

மில்வாக்கி இழந்தது யாரை

2018-இல் 55 ஆட்டங்களில் 81⅓ இன்னிங்ஸ், 143 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளர் பந்தை வயலுக்குள் அடிக்காமலே, மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). அந்த ஏப்ரல் 30 அன்று சின்சினாட்டிக்கு எதிராக 2⅔ இன்னிங்ஸில் வாங்கிய 8 அவுட்டும் ஸ்ட்ரைக்அவுட். பந்து வயலுக்குள் போய் ஒருவர்கூட அவுட் ஆகவில்லை. 2019-இல் 37 சேவ். 2021-இல் 34 சேவ், இஆர்ஏ 1.23, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி ஒன்றேகால்கூட இல்லை. நேஷனல் லீகின் சிறந்த ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவே வந்து வீசுகிறவர்) விருது 2018, 2019, 2021 என மூன்று முறை. 2021 செப்டம்பர் 11-இல் கிளீவ்லாந்தில் கோர்பின் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட (மட்டையாளர் அடித்துப் பேஸ் சேர்வது) விடாமல் வீசி முடிக்க, ஒன்பதாவதை ஹேடர் பூட்டினார். 1987-க்குப் பிறகு மில்வாக்கிக்குக் கிடைத்த முதல் நோ-ஹிட்டர்.

சொந்த மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு புல்பென் கதவு திறந்து, தோளில் புரளும் முடியோடு 71-ஆம் எண் ஓடிவரும்போது பாதிக் கூட்டம் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடும் என்பது மிகையில்லை. 2021-இன் இறுதியும் 2022-இன் தொடக்கமும் சேர்த்துத் தொடர்ந்து 40 ஆட்டங்கள் ஒரு ரன்கூட விடவில்லை. ரயன் பிரஸ்லியின் சாதனைக்குச் சமம்.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். 2018 ஆல்ஸ்டார் ஆட்டத்தின் இரவில், அவர் பதின்ம வயதில் எழுதிய இனவெறி, தன்பாலின வெறுப்புப் பதிவுகள் வெளிவந்தன. மன்னிப்புக் கேட்டார், லீக் அவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. ஊருக்குத் திரும்பியதும் மில்வாக்கி கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதை அந்த ஊர் ரசிகர்களிலேயே பலர் இன்றும் பெருமையாகச் சொல்வதில்லை. அடுத்து பிளேஆஃப். 2019 அக்டோபர் 1, வாஷிங்டனில் எட்டாவது இன்னிங்ஸ், 3-1 முன்னிலை. ஹுவான் சோட்டோ வலது பக்கம் அடித்த சிங்கிளை (ஒரு பேஸுக்கான அடி) மில்வாக்கியின் டிரென்ட் கிரிஷம் தவறவிட, மூன்று ரன் ஓடிப்போனது. சீசன் முடிந்தது. 2021-இல் அட்லாண்டாவில் நான்காவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம்ரன். அந்த சீசனும் அத்தோடு சரி. இரண்டும் ஹேடர் வீசிய பந்துகள்.

சம்பளமும் சேவும்

மேஜர் லீகில் முதல் சில ஆண்டுகள் வீரருக்குக் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். அதன் பின் ஆர்பிட்ரேஷன். வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும்; தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவே வெட்ட முடியாது. 2020-இல் ஹேடர் கேட்டது 64 லட்சம் டாலர், அணி சொன்னது 41 லட்சம். ஹேடர் தோற்றார். அந்த மன்றத்தில் ரிலீஃப் பிட்சருக்கு எடை கூடிய எண் சேவ்தான். ஆறாவது இன்னிங்ஸில் வந்து எட்டு பேரை வீழ்த்தினாலும் சேவ் பூஜ்யமாக இருக்கலாம்.

விளைவை 2021 பட்டியலில் காணலாம்: 60 ஆட்டம், 58⅔ இன்னிங்ஸ். 2018-ஐவிட ஐந்து ஆட்டம் அதிகம், 22⅔ இன்னிங்ஸ் குறைவு. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று அவுட், அவ்வளவே. சுயநலம் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. விலைப்பட்டியலை எழுதியது அவரில்லை. அதே வேளையில், அணிக்கு அவர் தரும் பயன் சுருங்கச் சுருங்கச் சம்பளம் ஏறிக்கொண்டே போனதும் உண்மை: 2022-இல் 1.1 கோடி டாலர், 2023-இல் பாட்ரேஸ் கொடுத்தது 1.41 கோடி. அந்த ஆண்டு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். பிறகு ஹியூஸ்டன் தந்தது ஐந்து ஆண்டுக்கு 9.5 கோடி. லீகின் மிகச் சிறிய சந்தையான மில்வாக்கியால் அந்த ஏலத்தில் கை தூக்க முடியாது. ஆக, ஹேடர் எப்படியும் போகத்தான் போகிறார். 2022 ஆகஸ்டில் விற்பதா, டிசம்பரிலா, 2023-இலா, அல்லது வெறுங்கையோடு அனுப்புவதா என்பதுதான் கேள்வி.

தலைமை நிர்வாகி டேவிட் ஸ்டர்ன்ஸ் ஜூலையில் பார்த்தது இன்னொன்று. 13-ஆம் தேதி மினசோட்டாவில் ஹோசே மிராண்டாவின் மூன்று ரன் ஹோம்ரன்னில் ஆட்டம் போனது. 15-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 6 ரன், மூன்று ஹோம்ரன். கடைசியாக மைக் யஸ்திரெம்ஸ்கி நான்கு ரன் ஹோம்ரன் அடித்துக் கதையை முடித்தார். இடுப்பு உயரப் பந்துகள். பொருளின் விலை இறங்கத் தொடங்கும் முன் விற்பது என்ற வியாபாரப் புத்தியைக் குறை சொல்ல முடியாது.

வந்த நால்வர்

டெய்லர் ராஜர்ஸ்: இடக்கை ரிலீஃப் பிட்சர், பாட்ரேஸின் குளோசர், 28 சேவ், ஆனால் ஃபார்ம் இறங்கியிருந்தது, சீசன் முடிந்தால் அவரும் ஃப்ரீ ஏஜென்ட். டினெல்சன் லாமெட்: 2020-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுப் பட்டியலில் நான்காம் இடம், அதற்குப் பின் கைக் காயங்கள். ராபர்ட் காஸர்: கீழ்நிலையான மைனர் லீகில் இருந்த இடக்கை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்). எஸ்டியூரி ரூயிஸ்: கால்வேகம், அந்த ஆண்டு மைனர் லீகில் மட்டும் 85 பேஸ் திருடினார் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது).

முதல் இருவர் இந்த சீசனுக்கு, பின்னவர் இருவர் வரும் சீசன்களுக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டார்கள். தவறின் விதை இங்கேதான். இன்றைக்கென்று வாங்கிய இருவரும் ஏற்கெனவே அடிபட்ட சரக்கு. ஆகஸ்ட் 3-ஆம் தேதியே லாமெட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொலராடோ அவரை எடுத்துக்கொண்டது. மில்வாக்கிக்காக அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. ஹேடருக்கு ஈடாக வந்தவர் என்று ஊருக்குக் காட்டப்பட்ட ஒருவரை இரண்டே நாளில் வேண்டாம் என்றால், அதே அறையில் உட்கார்ந்திருக்கும் மற்ற வீரர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த வாரம் அணிக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்ட நல்ல மட்டையாளர் ஒருவரும் வரவில்லை. கார்டினல்ஸோ அதே இரண்டு நாளில் ஹோசே குவின்டானா, ஜார்டன் மான்ட்கோமரி என இரண்டு ஸ்டார்ட்டர்களை இறக்கிவிட்டது.

ஒரு உபகதை: ஹேடர் பாட்ரேஸ் போன மறுநாள் அதே அணிக்கு வந்து சேர்ந்தவர் ஹுவான் சோட்டோ. 2019-இல் அந்த சிங்கிளை அடித்தவரேதான்.

ஏணியின் மேல்படி

குளோசர் போனால் ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும் காலியாவதில்லை. மில்வாக்கியின் ஏற்பாடு ஏணி போன்றது: ஏழாவதற்கு பிராட் பாக்ஸ்பெர்கர், எட்டாவதற்கு டெவின் வில்லியம்ஸ், ஒன்பதாவதற்கு ஹேடர். எதிரணியின் 2, 3, 4-ஆம் மட்டையாளர்கள் எட்டாவதில் வந்தால் அவர்களை வில்லியம்ஸின் சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) பார்த்துக்கொள்ளும். லீகிலேயே ஆகச் சிக்கலான பந்துகளில் ஒன்று அது. மேல்படியை உருவியதும் எல்லோரும் ஒரு படி ஏறினார்கள். எட்டாவதில் இருந்த கூர்மை ஒன்பதுக்குப் போனது, ஏழுக்குரியவர் எட்டுக்கு வந்தார், ஆறாவதில் யார் என்ற புதிய கேள்வி முளைத்தது. புள்ளிவிவரத்தில் ஹேடருக்குப் பதில் வில்லியம்ஸ் வந்தது சமம். வில்லியம்ஸுக்குப் பதில் யார் என்பதுதான் விடையில்லாதது. ராஜர்ஸ் அதற்கென்றுதான் வந்தார்.

முதல் சோதனை பிட்ஸ்பர்க்கில். அந்த ஆண்டு 100 ஆட்டம் தோற்ற அணி அது. ஆகஸ்ட் 2 முதல் 4 வரை மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. ஆகஸ்ட் 3-இல் ஒன்பதாவது இன்னிங்ஸை வில்லியம்ஸிடம் கொடுத்தார்கள்; தொடர்ந்து 30 ஆட்டம் ரன் விடாமல் வந்தவர். பிரையன் ரெனால்ட்ஸ் ஹோம்ரன் அடித்து 8-7 என முடித்தார். எந்தப் பிட்சருக்கும் நேரக்கூடிய ஒரு பந்துதான். ஆனால் ஹேடர் போன மூன்றாம் நாள் அது நேர்ந்ததால் ஊரே அதை ஒரு நிரூபணமாக எடுத்துக்கொண்டது. அணியின் உள்ளேயும் கலக்கம் இருந்தது. வீரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். இந்த டிரேட்டின் (வீரர் பரிமாற்றம்) தாக்கம் தான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது என்று ஸ்டர்ன்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஹேடர் இருந்திருந்தால்?

ஒரு ஆட்ட இடைவெளியில் வாய்ப்புப் போனதால், ரசிகர்களின் வாதத்துக்கு இதைவிடச் சாதகமான எண் கிடையாது. ஆனால் அதே இரண்டு மாதத்தில் இரு பக்கமும் நடந்ததை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ராஜர்ஸ் மில்வாக்கிக்கு 23 இன்னிங்ஸ் வீசி 14 ரன் விட்டார், இஆர்ஏ 5.48. மோசம். ஹேடர் சான் டியேகோவுக்கு 16 இன்னிங்ஸ் வீசி 13 ரன் விட்டார், இஆர்ஏ 7.31. அதைவிட மோசம். ஆகஸ்டில் கான்சாஸ் சிட்டியில் மட்டும் ஒரே ஆட்டத்தில் 6 ரன். பாட்ரேஸ் அவரைக் கொஞ்ச நாள் குளோசர் வேலையிலிருந்தே இறக்கிவைத்தது.

மில்வாக்கியிலேயே இருந்திருந்தால் இப்படி உடைந்திருக்க மாட்டார், பழகிய இடம், பழகிய பயிற்சியாளர்கள் என்று ரசிகர்கள் சொல்வதை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் ஜூலையின் 13-உம் 15-உம் நடந்தது மில்வாக்கி உடையில்தான். இன்னொன்று: 60 ஆட்டத்தில் ஒரு அணி ஏறத்தாழ 540 இன்னிங்ஸ் வீசும், குளோசரின் பங்கு அதில் இருபத்து சொச்சம், நூற்றுக்கு நான்கு. முக்கியமான நான்குதான், சந்தேகமில்லை. ஆனாலும் 31 தோல்விக்கும் அந்த நான்கை மட்டும் காரணம் காட்ட முடியாது.

அக்டோபரில் ஹேடர் பழைய ஹேடராகிவிட்டார். பிளேஆஃபில் ஒரு ரன்கூட விடாமல் 4 சேவ். டாட்ஜர்ஸை வெளியேற்றிய ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பெட்ஸ், டர்னர், ஃப்ரீமன் மூவரும் ஸ்ட்ரைக்அவுட். ஆனால் ஃபில்லீஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையோடு இடக்கை மட்டையாளர் பிரைஸ் ஹார்ப்பர் வந்தபோது, வலக்கையர் ராபர்ட் சுவாரஸே வீசினார், ஹேடர் புல்பென்னில். ஹார்ப்பர் ஹோம்ரன். பாட்ரேஸின் சீசன் அங்கே முடிந்தது. குளோசர் ஒன்பதாவதுக்கே என்ற பழக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இன்னிங்ஸ் கிடைப்பது கடினம்.

கொடிவழி

2022 டிசம்பரில் ரூயிஸை ஓக்லாந்துக்குக் கொடுத்து, அட்லாண்டாவும் சேர்ந்த மூன்று அணி டிரேடில் மில்வாக்கி வாங்கியது வில்லியம் கான்ட்ரெரஸை. கூடவே ஹோயல் பயாம்ப்ஸ், ஜஸ்டின் யேகர் என்ற இரண்டு ரிலீஃப் பிட்சர்கள். ரூயிஸ் மில்வாக்கிக்கு ஆடியது மூன்றே ஆட்டம். கான்ட்ரெரஸ் 2023-இலும் 2024-இலும் சிறந்த மட்டையாளருக்கான சில்வர் ஸ்லக்கர் விருது பெற்ற கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல). 2024-இல் 23 ஹோம்ரன். ஆண்டுக்கு அறுபது இன்னிங்ஸ் வீசுகிறவருக்குப் பதில், அநேகமாக நாள்தோறும் ஆடும் கேட்சர். காஸர் 2024 மேயில் வந்து ஐந்து ஆட்டம் நன்றாகத் தொடங்கி, முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார்.

இந்தக் கொடியைப் பின்னோக்கிப் பிடித்தால் இன்னும் சுவாரசியம். ஹேடரே மில்வாக்கிக்கு வந்தது 2015 ஜூலை 30-இல், ரசிகர்களின் செல்லப்பிள்ளை கார்லோஸ் கோமெஸை ஹியூஸ்டனுக்குக் கொடுத்ததில். கோமெஸ் வந்தது 2009-இல், இன்னொரு செல்லப்பிள்ளை ஜே.ஜே. ஹார்டியை மினசோட்டாவுக்குக் கொடுத்ததில். கோமெஸ் போனபோதும் இதே புலம்பல்தான். வந்த நால்வரில் ஹேடர் என்ற பெயரை அன்று பலர் கவனிக்கக்கூட இல்லை.

இரண்டாம் முறை

2024 டிசம்பர் 13-இல் மில்வாக்கி மறுபடியும் தன் குளோசரை விற்றது. இம்முறை வில்லியம்ஸ், யாங்கீஸுக்கு. நெஸ்டர் கோர்டெஸ், கேலெப் டர்பின், 20 லட்சம் டாலர் பதிலுக்கு வந்தன. முந்தைய அக்டோபரில் பீட் அலான்சோவிடம் மூன்று ரன் ஹோம்ரன் வாங்கி சீசனை முடித்துவைத்தவர் என்பதால் ரசிகர்களின் கண்ணீர் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆனால் முக்கியமான வேறுபாடு அதுவல்ல. விற்றது சீசன் இல்லாத மாதத்தில். ஏணியின் அடுத்த ஆளும் முன்பே சோதிக்கப்பட்டிருந்தார்: முதுகெலும்புக் காயத்தால் வில்லியம்ஸ் நான்கு மாதம் இல்லாத 2024-இல் டிரெவர் மெகில் 21 சேவ் எடுத்திருந்தார்.

தொடக்கம் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. 2025 மார்ச் 29, யாங்கீ ஸ்டேடியம். கோர்டெஸ் வீசிய முதல் மூன்று பந்தும் ஹோம்ரன், ஆட்டம் 20-9 எனத் தோல்வி. அவர் அந்த ஆண்டிலேயே கைமாறிவிட்டார். இரண்டாவது பெயரான டர்பின் மூன்றாவது பேஸைப் பிடித்துக்கொண்டு, ஆண்டின் சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் மூன்றாமிடம் வந்தார். மெகில் 30 சேவ். மில்வாக்கி 97 வெற்றி, அணியின் வரலாற்றிலேயே அதிகம். வில்லியம்ஸ் நியூயார்க்கில் 4.79 இஆர்ஏவோடு, குளோசர் வேலையை விட்டும் பிடித்தும் அந்த ஆண்டைக் கழித்தார்.